மார்பு வேறு, நெஞ்சு வேறு

ஜனவரி 12

சின்னவளுக்கு,

கடவுள் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் நடமாட்டமாக இருக்கிறோம். உன் முழங்கால் வீக்கம் வற்றியதா? மாப்பிள்ளைக்குச் சளி விட்டதா? பிள்ளைகள் படிக்கிறார்களா, படிப்பதுபோல் உட்கார்ந்திருக்கிறார்களா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். உன் வீட்டில் போன் அடித்தால் மாப்பிள்ளை ஸ்பீக்கரைப் போட்டுவிடுவார். ஊர்க்கதை பேச அது போதும். இது ஊர்க்கதை இல்லை. அதனால்தான் நீ வேலை பார்க்கும் நூலகத்துக்கே எழுதுகிறேன். நீ வீட்டு முகவரிக்கே எழுது. தபால் வரும் நேரத்தில் உன் அத்தான் பேக்கரியில்தான் இருப்பார்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை அனுப்பிய மூலிகை மாத்திரையில் குணம் தெரிகிறது. புராஸ்டேட் வீக்கம் வந்ததிலிருந்து இரவெல்லாம் ஒன்றுக்குப் போக எழுந்துகொண்டே இருந்த மனுஷன், இப்போது அடித்துப் போட்டாற்போல் தூங்குகிறார். ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்திவிட்டார். பச்சை மூடி போட்ட இரண்டாவது டப்பாவும் வந்து சேர்ந்தது. மாப்பிள்ளையிடம் சொல்.

இனிக் கெட்டது. உன் அத்தான் அடுப்பு மாஸ்டர். அந்த அனலில் சட்டையோடு அவரை யாரும் பார்த்ததில்லை. இடுப்பில் துண்டு, தோளெல்லாம் மாவு, அவ்வளவுதான். இப்போது உள்ளே இறுக்கமாக இரண்டு பனியன், மேலே கழுத்துவரை பட்டன் போட்ட சட்டை. வீட்டிலும் அப்படியே, படுக்கையிலும் அப்படியே. தாழ்ப்பாள் போடாமல் குளித்தவர், இப்போது தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்துவிட்டுக் குளிக்கிறார். பக்கத்தில் போனால் கையை நீட்டித் தடுக்கிறார். மற்றதை எழுத எனக்குக் கூச்சம். நீயும் கல்யாணமானவள். கட்டில் இருக்கிறது, அவ்வளவுதான்.

பேக்கரியில் பில் போட ஒருத்தி புதிதாக வந்திருக்கிறாள். பார்க்க லட்சணமாக இருப்பாள். நெருப்பில்லாமல் புகையுமா? பிரார்த்தனைக்குக் கண்ணை மூடினால் அவள் முகம்தான் வருகிறது.

மாப்பிள்ளை காதுக்கு இது போகக் கூடாது. உடனே எழுது.

உன் அக்கா


பிப்ரவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம், பிள்ளைகள் சுகம். முழங்கால் இருக்கிறது, வீக்கமும் இருக்கிறது, இரண்டும் பழகிக்கொண்டன. பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. நூலகத்தில் புத்தகக் கணக்கெடுப்பு, தலைக்கு மேல் வேலை.

அத்தானையா சந்தேகப்படுகிறாய்? பொண்ணு பார்க்க வந்த அன்றைக்கு உன்னை நிமிர்ந்து பார்க்காமல் சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துவிட்டுப் போனவர். "பொண்ணு எப்படி"ன்னு கேட்டதுக்கு "சரியா ஓடுது"ன்னு சொன்னவர். அவருக்கு இன்னொருத்தியா? போ அக்கா.

ஆம்பளைகளுக்கு ஒரு வயசுக்கு மேல் சுபாவம் மாறும். சும்மா இருந்தால் சரியாகிவிடும். இங்கே இவரும் அப்படித்தான் போன வருஷம் முழுக்க. சரி, அது எதற்கு இப்போது.

அத்தானுக்கு உடம்பு போட்டிருக்கிறதா? வயிறு இல்லை, மேலே. சும்மா கேட்டேன்.

பில் போடுகிற பெண்ணிடம் போய்ச் சண்டை எதுவும் போட்டுவிடாதே.

அன்புடன்,
தங்கை


பிப்ரவரி 19

சின்னவளுக்கு,

இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். உன் காலுக்கு ஒத்தடம் கொடு, கதை எழுதாதே.

உடம்பு போட்டிருக்கிறதா என்று கேட்டாய். சட்டையைக் கழற்றினால்தானே தெரியும்?

நேற்று ரொட்டி வாங்குகிற சாக்கில் பேக்கரிக்குப் போனேன். பில் போடுகிறவள் எழுந்து நின்று நாற்காலி போட்டாள். குற்றமுள்ளவள் இப்படித்தான் உபசரிப்பாள் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

"மாஸ்டர் வீட்டிலே எப்படிக்கா, பேசுவாரா?" என்றாள்.

"ஏன், இங்கே பேசறதில்லையா?"

"எங்கக்கா! நான் வந்த புதுசுல மக மாதிரி பேசினாரு. இப்ப என்னைக் கண்டா ட்ரேயைத் தூக்கி நெஞ்சுக்கு நேரா புடிச்சுக்கிட்டு அந்தப் பக்கமா போறாரு."

உள்ளேயிருந்து மாவு பிசைகிறவர் குரல் கொடுத்தார். "மாஸ்டருக்குக் குளிருதும்மா. அடுப்பு முன்னாடி நிக்கறவருக்கு மட்டும் பனிக்காலம்." எல்லாரும் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. அடுப்புக்குள் ரொட்டி தள்ளும் துடுப்பைத் தரையில் எறிந்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "மார்பு வலிக்குது" என்றார். பதறிப்போய் டாக்டரிடம் கூட்டிப் போனேன். அங்கேயும் இவர், "மார்புல வலி டாக்டர்" என்று இழுத்தார். ஆம்பளை என்ன மார்பு கீர்பு என்று பேசிக்கொண்டு என்று நான்தான் முந்திக்கொண்டு, "நெஞ்சு வலி டாக்டர்" என்றேன். ஈசிஜி எடுக்கச் சட்டையைக் கழற்றச் சொன்னதும் படுத்தவர் எழுந்துவிட்டார். "வலி போயிடுச்சு, வா" என்று நடையைக் கட்டிவிட்டார். டாக்டர் வாசலில் நிறுத்திச் சட்டைக்கு மேலேயே குழாயை வைத்துப் பார்த்து, வாயு என்று ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார்.

எனக்கு இப்போது ஒன்றுதான் தோன்றுகிறது. நெஞ்சில் பச்சை குத்தியிருக்கிறார். ஒரு பெயர். அது என் பெயர் இல்லை. இல்லாவிட்டால் டாக்டருக்குக்கூடக் காட்டாமல் மறைக்க அங்கே என்ன இருக்கிறது?

உன் அக்கா


மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். உங்கள் நலம் அறிய ஆவல். வேலை அதிகம், சுருக்கமாக எழுதுகிறேன்.

பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. அந்த நினைப்பை விடு. அத்தானை வேறு டாக்டரிடம் கூட்டிப் போ. சட்டையைக் கழற்றிப் பார்க்கும் டாக்டராகப் பார்.

வெயில் ஏறுகிறது. அந்த மூலிகை மாத்திரை சூடு என்று சொல்கிறார்கள். கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கச் சொல்லேன். நான் சொன்னேன் என்று சொல்லாதே. இவரிடமும் கேட்காதே.

தங்கை


மார்ச் 27

சின்னவளுக்கு,

நலம். நலம் கேட்டேன் என்றும் வைத்துக்கொள்.

உன் கடிதத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து மூன்று தடவை படித்தேன். நான் உன்னிடம் மாத்திரையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நன்றாக வேலை செய்கிறது என்றுதான் எழுதினேன். அதை ஏன் நிறுத்தச் சொல்கிறாய்? உன் வீட்டுக்காரர் அதற்கு ஏஜென்ட். "இயற்கை, பக்க விளைவே கிடையாது" என்று எல்லாருக்கும் விற்கிறவர். அவருக்குத் தெரியாமல் நிறுத்தச் சொல்கிறாய். மேலே உடம்பு போட்டிருக்கிறதா என்கிறாய், சட்டையைக் கழற்று என்கிறாய். உனக்கு என்னவோ தெரியும். என்னிடம் மறைக்கிறாய்.

இன்னொன்றும் சொல்கிறேன். சகலை இரண்டு பேரும் போனில் பேசும்போது இவர் மொட்டை மாடிக்குப் போய்விடுகிறார். துணி எடுக்கப் போகிறவள்போல் பின்னாலேயே போனேன். இவர் சொல்கிறார்: "எனக்கு ரெண்டு பக்கமும் சகலை. உங்களுக்கு? ஒரு பக்கம்தானா? நீங்க குடுத்து வச்சவரு." என்னைக் கண்டதும், "சரி, ரொட்டி வேகுது, வச்சிடறேன்" என்று போனை வைத்தார். மொட்டை மாடியில் என்ன ரொட்டி?

இரண்டு பக்கம் என்றால் என்ன அர்த்தம்? இரண்டு வீடா? அப்படியானால் உன் வீட்டுக்காரருக்கு ஒரு பக்கமாம். அதையும் விசாரித்துக்கொள். ஒருவருக்கொருவர் துணை போகிறார்கள், நீ இரண்டு பேருக்கும் காவல் நிற்கிறாய்.

பதில் வேண்டும். உண்மையாக.

அக்கா


ஏப்ரல் 30

சின்னவளுக்கு,

ஒரு மாதமாகிவிட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நூலகத்துக்குப் போன் போட்டேன். "இப்பத்தானே இங்க இருந்தாங்க" என்றார்கள். இருந்துகொண்டே இல்லாமல் போக உனக்கு யார் கற்றுக்கொடுத்தது?

நான் முடிவெடுத்துவிட்டேன். பதினைந்தாம் தேதி மகள் வீட்டுக்குப் போகிறேன். திரும்புவதாக இல்லை. பெட்டி கட்டியாகிவிட்டது. அலமாரிச் சாவியை அவரிடம் கொடுத்தேன்.

"எதுக்கு?" என்றார்.

"நெஞ்சில யார் பேரை எழுதி வச்சிருக்கீங்களோ, அவகிட்ட குடுங்க."

சாவியைத் திரும்ப என் கையிலேயே வைத்தார். பிறகு அழுதார். பெற்ற தாய் செத்தபோது கண் கலங்காத மனுஷன். இப்போதெல்லாம் டிவியில் சோப்பு விளம்பரம் ஓடினாலும் கண் கலங்குகிறார் என்பது வேறு விஷயம். அழுதுகொண்டே, "மார்பு வலிக்குதுன்னு அன்னிக்கே சொன்னேன். நீதான் நெஞ்சுன்னு மாத்திட்டே" என்றார்.

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்றேன்.

"போறதுன்னா போ. நீ பார்க்காம இருந்தாச் சரி" என்று சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இது என்ன பேச்சு? நெஞ்சு என்றால் என்ன, மார்பு என்றால் என்ன? குற்றம் செய்தவர் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார். நீ படித்தவள், புத்தகத்தோடு பிழைக்கிறவள். உனக்காவது புரிகிறதா?

அக்கா


மே 6

அக்கா,

பெட்டியை அவிழ்த்துவிடு. எங்கேயும் போகாதே. இன்றைக்கே எழுதி இன்றைக்கே தபாலில் சேர்க்கிறேன்.

இரண்டும் ஒன்றில்லை அக்கா. நெஞ்சு உனக்கும் அத்தானுக்கும் ஒரே மாதிரி. மார்பு அப்படியில்லை. அத்தானுக்கு வலிப்பது உள்ளே இல்லை, மேலே. தொட்டால் வலிக்கும். பனியன் உரசினால் வலிக்கும். காம்புக்குக் கீழே கட்டிபோல் ஒன்று தட்டுப்படும். வயசுக்கு வந்த புதிதில் நமக்கு இருந்தது நினைவிருக்கிறதா? அதேதான். ஆம்பளைக்கு அப்படி வந்தால் யாரிடம் சொல்வான்? அதைத்தான் இரண்டு பனியன் போட்டு இறுக்கி மறைக்கிறார். உன் பெயரும் இல்லை அங்கே, வேறு யார் பெயரும் இல்லை.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். இவருக்கும் அதேதான். இடது பக்கம் மட்டும். போன வருஷம் ஈரத் துண்டால் முதுகு துடைத்துவிடும்போது என் கை பட்டது, துள்ளிவிட்டார். பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் ஒரு பெண் டாக்டரிடம் கெஞ்சிக் கூட்டிப் போனேன். அந்த அம்மா எதையும் அடித்துச் சொல்லவில்லை. "வயசு, எடை, ஈரல், வேறு மாத்திரை, எதனாலும் வரலாம். ஆனா இந்த மாதிரி மூலிகை சில பேருக்கு ஆண் ஹார்மோனோட வேலையைக் குறைக்கலாம். அதைவிட எனக்குப் பயம், டப்பாவில் எழுதாத எதையாவது உள்ளே கலந்திருப்பாங்களோன்னுதான். நிறுத்திட்டுப் பார்ப்போம்" என்றார். கட்டிலைப் பற்றி நீ எழுதினாயே, அதையும் கேட்டார். அதற்கும் இது காரணமாக இருக்கலாமாம்.

இவர் நிறுத்தினார். வலி போய்விட்டது. ஆனால் விற்பதை நிறுத்தவில்லை. அத்தான் போனில் கேட்டபோது, "மருந்து வேலை செய்யுற அடையாளம் சகலை, தானா அமுங்கிடும்" என்று சொன்னதை நான் சமையலறையிலிருந்து கேட்டேன். தடுக்கவில்லை. நீ பில் போடுகிற பெண்ணைச் சந்தேகப்பட்டபோது, ஒரு பக்கம் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. பேச்சு மாத்திரைப் பக்கம் வராதே என்று. நான் எவ்வளவு கேவலமானவள் பார்.

இன்னொன்றுதான் முக்கியம். புராஸ்டேட்டுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. சில மருந்துகள் அந்த எண்ணைக் குறைத்துக் காட்டிவிடலாமாம். இதற்குள் என்ன இருக்கிறதென்று தெரியாதவரை, வருகிற எண்ணை அப்படியே நம்ப முடியாது என்றார் டாக்டர். அத்தானுக்கு உள்ளே புற்று மாதிரி ஏதாவது இருந்தாலும் அதை மூடி மறைத்துவிடும். உடனே கூட்டிப் போ. டப்பாவையும் எடுத்துப் போ.

மன்னிப்பு என்று எழுதக் கை வரவில்லை.

சின்னவள்


மே 20

சின்னவளுக்கு,

நாங்கள் நலம் என்று எழுத முடியாது. ஆனால் ஒரே வீட்டில் இருக்கிறோம்.

உன் கடிதம் வந்த அன்று அவர் கை கால் கழுவி வந்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டு, "சட்டையைக் கழட்டுங்க" என்றேன். என் முகத்தைப் பார்த்தார். கழற்றினார். மற்றதை எழுதப்போவதில்லை. நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் அவரே, "சிரிச்சுடாதே" என்றார். இத்தனை மாதமாக அவர் பயந்தது அதற்குத்தான். நானோ அவர் நெஞ்சில் ஒரு பெயரைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் புது டாக்டரிடம் போனோம். நான் வாயைத் திறக்கவில்லை. அவரே சொன்னார், அவர் வார்த்தையிலேயே சொன்னார். டாக்டர் தொட்டுப் பார்த்து, ஸ்கேன் எடுத்து, டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல இருக்கிறது இதுதானான்னு எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது" என்றார். மாத்திரை நின்றது. வலி குறையுமாம், வீக்கம் முழுதாக வற்றுமா என்று உறுதி சொல்ல முடியாதாம். ரத்தப் பரிசோதனை இப்போது ஒன்று, கொஞ்ச நாள் கழித்து இன்னொன்று. இப்போது வந்த எண் குறைவுதான். ஆனால் அதை நம்பவில்லை என்கிறார்.

உன்மேல் எனக்குள்ள கோபத்தை எழுத இந்தத் தாள் போதாது. தினமும் ஜெபத்தில் மன்னிப்பு மன்னிப்பு என்று சொல்கிறவள் நான், உன் முறை வரும்போது வாய் மூடிக்கொள்கிறது. ஒன்று செய். உன் வீட்டுக்காரர் அந்த டப்பாவை யார் யாருக்கு விற்றாரோ அவர்கள் வீட்டுக்கெல்லாம் போய் நிறுத்தச் சொல்லட்டும். அங்கேயும் ஒருத்தி பெட்டி கட்டிக்கொண்டிருப்பாள்.

அக்கா


ஜூன் 28

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கு அத்தானும் நீயும் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன்.

நீ சொன்னதெல்லாம் நடந்துவிட்டது. இவர் எல்லா வீட்டிலும் சொல்லிவிட்டார். டப்பாக்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அந்த வியாபாரத்தையே விட்டுவிட்டார். இனி இதைப் பற்றி நாம் எழுதிக்கொள்ள வேண்டாம் அக்கா. நடந்தது நடந்துவிட்டது. பிள்ளைகளின் கல்லூரிச் செலவு வேறு வருகிறது.

அத்தானுக்கு அடுத்த பரிசோதனை எப்போது? நல்லபடியாக வரும்.

தங்கை


ஆகஸ்ட் 4

சின்னவளுக்கு,

இரண்டாவது பரிசோதனையில் எண் ஏறியிருக்கிறது. மாத்திரை விட்டதால் ஏறியதா, முன்பே உள்ளே இருந்தது இப்போதுதான் வெளியே தெரிகிறதா என்று சொல்ல முடியாதாம். புற்றா என்று பார்க்க அடுத்த வாரம் ஊசியால் சதைத் துணுக்கு எடுக்கிறார்கள்.

நேற்று நடந்ததைக் கேள். அவருக்குச் சாப்பாடு கொண்டு பேக்கரிக்குப் போயிருந்தேன். முதலாளிக்கு ஒரு பார்சல் வந்து பிரித்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு டப்பா. மூடி நீலம், பெயர் வேறு, மாத்திரையின் நிறமும் வாசமும் அதே.

"உங்க சகலைதான் அனுப்பிச்சாரு மாஸ்டர். என் வயசுக்கு நல்லதாமே, சுத்தமான இயற்கையாமே" என்றார்.

உன் அத்தான் வெந்திருந்த ட்ரேயை எடுத்து வெளியே வைத்தார். அடுப்பைச் சாத்தினார். முதலாளி முன்னால் வந்து நின்று சட்டையைக் கழற்றினார். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பனியனையும் கழற்றினார்.

"இயற்கையா நல்லாப் பாத்துக்குங்க முதலாளி" என்றார். "வலி போயிடுச்சு. இது போகலை."

பில் போடுகிறவள் தலையைக் குனிந்துகொண்டாள். மாவு பிசைகிறவர், அந்த வாயாடி, கையிலிருந்த மாவை அப்படியே வைத்துவிட்டு நின்றார். யாரும் சிரிக்கவில்லை. முதலாளி டப்பாவை மேஜைமேல் வைத்தார். உன் அத்தான் பனியனைத் திரும்பப் போடவே இல்லை. வெற்று உடம்போடு அடுத்த ட்ரேயை உள்ளே தள்ளினார். வேலை முடியும்வரை அப்படியே நின்றார்.

பார்சல் சுற்றியிருந்த அட்டை கீழே கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை, உன் சிலேட்டைப் பார்த்துத்தான் நான் எழுத்துக் கற்றுக்கொண்டேன். உன் கையெழுத்து எனக்குத் தெரியாமல் போகுமா? முதலாளி பெயர், பேக்கரி முகவரி, எல்லாம் உன் கை. தபால் முத்திரை போன வாரத்துத் தேதி.

அட்டையைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். உன் அத்தானிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். சகலையோடு அவருக்கு இனிப் பேச்சில்லை. மைத்துனி என்று ஒருத்தியாவது அவருக்கு மிஞ்சட்டும்.

வேறு யார் யாருக்கெல்லாம் முகவரி எழுதினாய்? அதை மட்டும் எழுதி அனுப்பு. நலம் விசாரிக்க வேண்டாம்.

அக்கா